சிங்கப்பூர்க்காரரும் பெங்களூர்க்காரரும்

இணையத்தில் நான் சிங்கப்பூரில் இருந்தேன். உடம்பு மட்டும் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், ஒரே வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட எட்டு அறைகளில் ஆறாவதில் கிடந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற ஆப்பரேட்டர் என்று சொன்னால், தொழில்நுட்பத்தைப் பற்றி நான் சொல்வதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்? நான் எழுதிவந்த தமிழ் இணையக் குழுவில் இருந்தவர்கள் எல்லாம் துபாய், நியூ ஜெர்சி, குறைந்தபட்சம் சென்னையில் ஏசி அறை. என் சித்தப்பா மகன் ஒருவன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவன் போனில் சொன்ன நாலு இடங்களின் பெயர் எனக்குத் தெரியும். அந்த நாலு பெயரை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அங்கே குடித்தனம் நடத்தினேன்.

குழுவில் தொழில்நுட்பச் செய்தி என்று யாராவது ஒன்றைக் கொண்டுவந்து போடுவார்கள். ஜப்பானில் ரோபோ மாடிப்படி ஏறியது, எங்கேயோ ஒருவர் சட்டைப் பையில் போன் வெடித்தது, இப்படி ஏதாவது. பிறகு எல்லோரும் சேர்ந்து அதைக் கிழித்துத் தோரணம் கட்டுவோம். பேச்சு ரோபோவில் தொடங்கி, மாமியார் வீட்டு மிக்சியில் வந்து நிற்கும். பொத்தானே இல்லாத போன் ஒன்று வரப்போகிறது என்று செய்தி வந்தபோது, நாலு மாதத்தில் மண்ணைக் கவ்வும் என்று நான் அடித்துச் சொன்னேன். அந்தப் பதிவு இன்னும் எங்காவது இருக்கும். வாதம் என்று வந்துவிட்டால் எனக்குத் தப்பு சரி பார்க்கிற பழக்கம் கிடையாது. சாத்தூருக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கே அரைமணி நேரம் வாதாடுவோம்.

எனக்கு எதிரி ஒருவர் இருந்தார். அவர் பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர். அவரவர் வைத்துக்கொண்ட புனைபெயர்களை விட்டுவிட்டு, குழுவில் எங்கள் இருவரையும் சிங்கப்பூர்க்காரர், பெங்களூர்க்காரர் என்றே எல்லோரும் அழைத்தார்கள். அவர் தமிழ் அளந்து வைத்தது போல இருக்கும். கோபம் வராது. நான் பத்து வரி கத்தினால் ஒரு வரியில் பதில் சொல்லுவார். அந்த ஒரு வரி என்னை அன்று இரவு முழுக்கத் தூங்க விடாது. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், அந்த நாட்களில் எனக்கு ஓசூரில் அவரைவிட நெருக்கமான மனிதர் யாரும் இல்லை.

ஒரு வாரம் ஒரு வதந்தி கிளம்பியது. போனில் சிவப்பு எழுத்தில் ஒரு நம்பர் வருமாம், எடுத்தால் ரத்தம் கக்கிச் சாவார்களாம். எங்கள் லைன் வீட்டிலேயே இரண்டு பேர் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டார்கள். குழுவில் ஒரே சிரிப்பு. மேனேஜர் நம்பர் எனக்கு எப்போதுமே சிவப்பாகத்தான் தெரிகிறது என்றார் ஒருவர். நானும் என் பங்குக்கு எழுதினேன். பெங்களூர்க்காரர் மட்டும், கொல்லுவதற்கு நம்பர் எதற்கு, நம்பி எடுக்கிற கை ஒன்று போதாதா என்று எழுதியிருந்தார். படித்தபோது சிரிக்கத் தோன்றவில்லை.

நான் எழுதியது எல்லாம் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துதான். பிளைவுட் பலகை அடித்துப் பிரித்த ஆறு இடங்கள். அதில் மூன்றாம் நம்பரில் மட்டும்தான் தமிழ் எழுத்து ஏற்றியிருந்தது. மற்றதில் எல்லாம் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் மூன்றாம் நம்பர் காலியாகும்வரை வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பேன்.

எங்கள் பிரஸ் ஷாப்பில் இரண்டு ஷிஃப்ட். காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து. ஒரு வாரம் முதல் ஷிஃப்ட், மறு வாரம் இரண்டாவது. என் மிஷினில் எனக்கு மாற்று ஆள் ஒருவர் இருந்தார். அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டு ஊர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இன்சார்ஜிடம் கன்னடத்தில் பேசுவார், கேன்டீனில் தெலுங்கில் பேசுவார். தமிழ் தெரியாது போல என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஷிஃப்ட் மாறும்போது இருவர் காதிலும் பஞ்சு, சுற்றிலும் இருபது பிரஸ்ஸின் இடி. நான் தலையை ஆட்டுவேன், அவர் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அவர் எழுந்த ஸ்டூலில் நான் உட்காருவேன். அது சூடாக இருக்கும்.

குழுவில் இதையெல்லாம் நான் எழுதியதில்லை. ஆனால் மிஷினுக்கு உயிர் உண்டா என்று ஒரு நாள் பேச்சு வந்தபோது, பெங்களூர்க்காரர் எழுதினார். தன் சொந்தக்காரர் ஒருவர் ஃபேக்டரியில் இருப்பதாகவும், அவர் போய் நிற்கும்போதெல்லாம் யாரோ அப்போதுதான் அங்கிருந்து எழுந்து போனது போல இருக்கும் என்று சொன்னதாகவும். அதோடு, அந்த மிஷின் நாற்பது அடிக்கு ஒரு தடவை பெருமூச்சு விடுமாம்.

மறுநாள் காலையில் என் மிஷினை ஓட்டிக்கொண்டே எண்ணினேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. ஏர் வால்வு உஸ்ஸென்று காற்றை விட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். நாற்பதில் மறுபடி உஸ். இரண்டு வருடமாக அந்தச் சத்தத்தின் பக்கத்தில் நின்றவன் நான், ஒரு நாளும் எண்ணியதில்லை. பெங்களூரில் ஏசி அறையில் இருப்பவர் எண்ணிச் சொல்கிறார்.

அன்று சாயங்காலம் பழைய பதிவுகளை எல்லாம் பின்னால் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் நேரம் போட்டிருக்கும். பெங்களூர்க்காரர் எழுதிய ஒவ்வொரு பதிவும் நான் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்த நேரத்தில் வந்தது. நான் முதல் ஷிஃப்ட் என்றால் அவர் காலை பத்து, பதினொன்று. நான் இரண்டாவது ஷிஃப்டுக்கு மாறினால் அவரும் மாறி, மாலை நான்கு, ஐந்து. ஒரு தடவைகூட நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்ததில்லை.

இதைக் குழுவில் இருந்த துபாய்க்காரரும் கவனித்திருந்தார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஆள்தானே, ஒரு கையால் எழுதி மறு கையால் மறுக்கிறீர்களா என்று கேட்டார். அதற்கு முப்பது பேர் கைதட்டினார்கள். சித்திரையில் ஒரு நாள் ஓசூரில் ஆலங்கட்டி மழை கொட்டியது. நான் ஞாபக மறதியாக, இங்கே ஆலங்கட்டி மழை என்று எழுதிவிட்டேன். சிங்கப்பூரில் எப்போதிருந்து என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். உலகம் முழுக்கப் பருவநிலை கெட்டுவிட்டது என்று சமாளித்தேன். அடுத்த நாள் காலையில் பெங்களூர்க்காரர், இங்கேயும் விழுந்தது, தகரக் கூரையில் கல் எறிகிற மாதிரி சத்தம் என்று எழுதியிருந்தார். என் அறைக்குக் கூரை தகரம். சாப்ட்வேர் கம்பெனிக்கு ஏது தகரம்?

யாரோ ஒருவர் விளையாட்டாக, பெங்களூர்க்காரர் மனிதரே இல்லை, ஒரு மிஷின்தான் எழுதுகிறது என்றார். பதில் சொல்லும் புரோகிராம்கள் வந்துவிட்டன என்ற செய்தி வந்த சமயம் அது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மறுநாள் மிஷின் முன்னால் நின்றபோது, அதன் பக்கவாட்டில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்கைப் பார்க்கவே கூசியது. நான் இங்கே நிற்கிறேன், இந்த நேரத்தில் அது எழுதிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு ஒரு வாரம் என்னை விடவில்லை. பட்டப்பகலில், நூறு பேர் நடுவில் நின்று பயந்தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சென்சார், நாங்கள் கண் என்போம். மிஷினின் ஒரு தூணிலிருந்து ஒளி கிளம்பி, எதிர்த் தூணில் உள்ள கண்ணாடி வில்லையில் பட்டுத் திரும்பி வரும். நடுவில் கை போனால் ஒளி அறுந்து மிஷின் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் சட்டைக் கை பட்டாலும் நிற்கும், தகடு கொஞ்சம் தூக்கிக்கொண்டாலும் நிற்கும். மணிக்கு இத்தனை பீஸ் என்று இன்சார்ஜ் தலைமேல் நிற்கும்போது, அந்தக் கண் பெரிய தொல்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சைக்கிள் மட்கார்டில் ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டரில் சின்னத் துண்டு ஒன்றை, இருபக்க டேப்பால் கண்ணுக்கு நேர் முன்னால் ஒட்டிவிடுவேன். தன் வெளிச்சம் தனக்கே திரும்பி வருவதால், எதிரே யாருமில்லை என்று மிஷின் நம்பிக்கொண்டு அடித்துக்கொண்டே இருக்கும். நான் என் கையைப் பார்த்துக்கொள்வேன்.

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அதைப் பிய்த்து, டிபன் பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டுக்கொள்வேன். இதில் மட்டும் நான் கறார். கண் மூடியிருப்பது தெரிந்தவனுக்கு ஆபத்து இல்லை, அவன் ஜாக்கிரதையாக இருப்பான். கண் திறந்திருக்கிறது என்று நம்பி டை என்கிற அச்சுக்குள் கை விடுகிறவனைத்தான் அது தின்னும். அஞ்செட்டிக்காரர் அப்படி நம்புகிறவர். மாட்டிக்கொண்ட பீஸை எடுக்க அவர் நிதானமாகக் கையை உள்ளே விடுவதை, வாசல் பக்கம் போகும்போது திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

மனிதனா மிஷினா, யாருக்கு மூளை அதிகம் என்று குழுவில் பெரிய விவாதம் வந்தது. பெங்களூர்க்காரர் மிஷின் கட்சி. மனிதன் மறப்பான், மிஷின் மறக்காது என்பது அவர் பேச்சு. எனக்கு ஏறிவிட்டது. சிங்கப்பூரில் ஒரு ஃபேக்டரியில் பார்த்ததாகச் சொல்லி, அந்த ரிஃப்ளெக்டர் வித்தையை, ஷிஃப்ட் முடிந்ததும் பிய்த்துப் பையில் போட்டுக்கொள்வதுவரை, ஒன்று விடாமல் எழுதினேன். வெளிநாட்டு மிஷினை ஒரு சைக்கிள் சாமானால் ஏமாற்றலாம், இதுக்குப் போய் மூளை என்கிறீர்களே என்று முடித்தேன். நான் எழுதியதிலேயே அதற்குத்தான் அதிகக் கைதட்டல். நியூ ஜெர்சிக்காரர் விழுந்து புரண்டு சிரிப்பதாக எழுதினார். பெங்களூர்க்காரர் இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு வரி வந்தது. கண்ணை மூடியதும் அது தூங்கிவிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது, அது தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

நான் விடவில்லை. பயந்தாங்கொள்ளி என்றேன். ஏசி அறையில் இருப்பவருக்கு உழைக்கிறவன் கஷ்டம் தெரியாது என்றேன். இரண்டு வாரம் இழுத்தேன். கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை, இன்றைக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்ற நினைப்பிலேயே முதல் ஷிஃப்டை ஓட்டினேன். இரண்டு மணிக்கு அஞ்செட்டிக்காரர் வந்து நின்றார். தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கைகூட ஒழுங்காகக் கழுவவில்லை.

மூன்றாம் நம்பர் காலியாக இருந்தது. பெங்களூர்க்காரரின் பதில் காலை பதினொன்றேகாலுக்கு வந்திருந்தது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் சிங்கப்பூர்க்காரரே, என் சொந்தக்காரரும் சைக்கிள் கடையில் ஒரு ரிஃப்ளெக்டர் வாங்கிவிட்டார் என்று எழுதியிருந்தார். இரண்டு வருடத்தில் அவர் தோற்றது அதுதான் முதல் தடவை. மனசு குதித்தது. உடனே பதில் எழுத வேண்டும். வழக்கமாக என் பெயரைச் சரசரவென்று அடித்து உள்ளே போவேன். அன்று கீபோர்டில் ஒரு விசை மாட்டிக்கொண்டது. மவுசை எடுத்து, பெயர் எழுதும் வெற்றுக் கட்டத்தின் மேல் இரண்டு தட்டு தட்டினேன்.

அந்தக் கணினியில் அதுவரை உள்ளே போனவர்களின் பெயர்கள் கட்டத்துக்குக் கீழே இறங்கி நின்றன. இரண்டே பெயர். ஒன்று என்னுடையது. அதற்கு அடியில் இருந்தது பெங்களூர்க்காரருடையது.

என் நாற்காலியில், என் கீபோர்டில், நான் இல்லாத நேரத்தில் எல்லாம் ஒருவர் உட்கார்ந்து என்னோடு பேசியிருக்கிறார். எழுந்து போய், சென்டர் வைத்திருந்தவரிடம் காலையில் மூன்றாம் நம்பரில் யார் உட்காருவது என்று கேட்டேன். அவர் ஃபேனைப் பார்த்தபடியே சொன்னார்.

"உங்க கம்பெனிக்காரருதாங்ணா. நீங்க சாயங்காலம் வர்ற வாரம் அவரு காலைல வருவாரு. நீங்க காலைல வந்தா அவரு சாயங்காலம். ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினு வர்றீங்கன்னுதான் நான் நெனச்சேன்."

ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். அஞ்செட்டிப் பக்கம் என்றார். தமிழ் நன்றாக வருமா என்று கேட்டேன். மத்தூரில் சித்தி வீட்டில் தங்கித் தமிழ்ப் பள்ளியில் படித்தவராம், என்னைவிட நன்றாகப் பேசுவாராம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. நாற்பதுக்கு ஒரு பெருமூச்சு, சூடான ஸ்டூல், தகரக் கூரை. சொந்தக்காரரும் இல்லை, பெங்களூரும் இல்லை. என் மிஷின்தான் அவர் மிஷின். இந்த நிமிடம் அவர் அதன் முன்னால் நிற்கிறார், பையில் ரிஃப்ளெக்டரோடு. இரண்டு வருடம் ஜாக்கிரதையாக இருந்த மனிதரை நான் வாதாடியே மாற்றிவிட்டேன். பழக்கம் இல்லாத கை. போய்த் தடுக்க வேண்டும் என்பது தவிர வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை.

சைக்கிளை மிதித்துக் கம்பெனி கேட்டுக்கு வரப் பதினைந்து நிமிடம் ஆனது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஷிஃப்ட் முடிந்தவனுக்கு உள்ளே என்ன வேலை என்று கேட்டார். சரியான கேள்வி. மிஷின் கண்ணை ஏமாற்றும் வித்தையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அங்கே ஒருவர் கை போகப் போகிறது என்று சொல்லியிருந்தால் அவரே என்னை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பார். சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரத்தில், இதைச் சொன்னால் நாளைக்கு எனக்கு இங்கே வேலை இருக்காது என்று ஒரு யோசனை குறுக்கே வந்தது. ஒரு நல்ல பொய் தேடினேன்.

"டிபன் கேரியரை உள்ள வச்சிட்டு வந்துட்டேன் சார்."

அவர் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"அப்ப இது என்ன தம்பி?"

அந்தக் கேட்டில் நின்றால் பிரஸ் ஷாப்பின் அடி காலுக்குக் கீழே தெரியும். இருபது மிஷின் அடித்தாலும் என் மிஷினின் அடி எனக்குத் தனியாகத் தெரியும், மற்றதைவிட அரை மாத்திரை பிந்தி விழும். பொய்க்குப் பொய் தேடிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் அது நின்றது. நாற்பதாவது அடியில் காற்று விடுகிறதோ என்று காத்திருந்தேன். மறுபடி விழவில்லை. பிறகு பக்கத்து மிஷின் நின்றது. அதற்குப் பக்கத்தது நின்றது. ஒவ்வொன்றாக எல்லாம் நின்று, பிரஸ் ஷாப் முழுக்க அமைதியானது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வேலை நாளில் அந்த இடத்தை அமைதியாக நான் கேட்டதில்லை. செக்யூரிட்டியும் திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே ரோட்டில் ஒரு ஐஸ் வண்டிக்காரரின் மணிச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

வலது கையில் மூன்று விரல்கள். கம்பெனி வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனார்கள். கையைத் துணியால் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும், பழக்கத்தில், தலையை ஆட்டினார்.

இன்சார்ஜ் அந்தச் சிவப்புத் துண்டைக் கண்ணிலிருந்து பிய்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆப்பரேட்டர் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவராக வாங்கினார், அவராக ஒட்டினார், நான் எழுதியது ஒரு நகைச்சுவை என்று எனக்கு நானே தினமும் சொல்லிக்கொண்டேன். அதே மிஷினில்தான் எனக்கு வேலை. டையைக் கழுவிவிட்டிருந்தார்கள். மாற்று ஆளாக ஒரு புதியவர் வந்தார். நான் ரிஃப்ளெக்டரைத் தொடவே இல்லை. அந்த ஜிப்பைத் திறக்கவும் இல்லை. சோறு வைக்கும்போதுகூட பையை அந்தப் பக்கம் தெரியாதபடி திருப்பி வைப்பேன். ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துத் தாங்க முடியாமல் குழுவுக்குப் போனேன். பெங்களூர்க்காரர் எங்கே போனார், தோற்ற வெட்கத்தில் ஓடிவிட்டாரா என்று கேட்டு அங்கே கிண்டல் நடந்துகொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் எழுதினேன். நான் சிங்கப்பூரில் இல்லை, மூக்கண்டப்பள்ளியில் இருக்கிறேன், அவரும் நானும் ஒரே மிஷின், ஒரே நாற்காலி, என் பேச்சைக் கேட்டு அவர் துண்டை ஒட்டிக்கொண்டார், மூன்று விரல் போய்விட்டது, நான் கேட்டில் நின்று டிபன் கேரியர் கதை சொல்லிக்கொண்டிருந்தேன் என்று ஒன்று விடாமல் எழுதினேன். எழுதும்போது அழுதேன். வேறு எங்கேயும் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

மறுநாள் வந்து பார்த்தபோது எழுபது பதில்கள். எல்லாம் சிரிப்பு. சிங்கப்பூரிலிருந்து ஓசூருக்குச் சைக்கிளில் பதினைந்தே நிமிடமா, என்ன வண்டி என்று கேட்டார் நியூ ஜெர்சிக்காரர். ஒரே ஆள் என்று நான் அப்போதே சொன்னேனே, பாதியைக் கொன்றுவிட்டார் என்றார் துபாய்க்காரர். இந்த வருடத்தின் சிறந்த கதை என்று அதை முதல் பக்கத்தில் ஏற்றி வைத்தார்கள். இரண்டு வருடமாக நான் சொன்ன பொய்யை எல்லாம் நம்பியவர்கள் அவர்கள்.

கடைசிப் பதில் அப்போதுதான் வந்திருந்தது. பக்கத்தில் போட்டிருந்த நேரம் மூன்று மணி பத்து நிமிடம். சுவரில் கடிகாரம் மூன்றேகால் காட்டியது. எழுதியவர் பெங்களூர்க்காரர்.

"சிங்கப்பூர்க்காரர் சொல்வது எல்லாம் உண்மை. ஒரே ஒரு திருத்தம். நான் வாங்கிய துண்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. கண் திறந்திருக்கிறது என்று நம்பித்தான் கை விட்டேன்."

திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, மொத்தமாகப் புரிந்துகொள்ள மட்டும் நான் விரும்பவில்லை. பை என் மடியில் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணி ஞாபகம் வந்தது. தலையை ஆட்டினேன், பையை எடுத்தேன், ஓடினேன். நடுவில் கண்ணுக்குப் பக்கத்தில் என் கை போனதா? போனது போலவும் இருந்தது, போகாதது போலவும் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். என் இடது பக்கம், பிளைவுட் பலகைக்கு அந்தப் புறம், நான்காம் நம்பரில் யாரோ தட்டிக்கொண்டிருந்தார். ஒரு விசை. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு ஒரு விசை. தேடித் தேடி, ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம். நான்காம் நம்பரிலும் தமிழ் எழுத்து ஏற்றிவிட்டேன் என்று சென்டர்காரர் போன வாரமே சொல்லியிருந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக எங்கள் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட்.

தட்டுவது நின்றது. நான் பக்கத்தைப் புதுப்பித்தேன். அடியில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது.

"பையைப் பார்த்தீர்களா?"

ஜிப்பை இழுத்தேன். கையை உள்ளே விட்டு மூலைவரை தடவினேன். இருபக்க டேப்பின் சுருள் மட்டும் கையில் தட்டுப்பட்டது.

பார்த்தேன், துண்டு இல்லை என்று அடித்து அனுப்பினேன். பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. நானும் எழுந்து நின்றேன்.